பேஸ்பால் சிமுலேஷன் லீக்குக்குப் புது மேனேஜர்களை எங்கே பிடிப்பது?

'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் (அணியை நாம் நிர்வகிப்போம், ஆட்டங்களைக் கம்ப்யூட்டர் ஓட்டும்) 30 அணிகள் கொண்ட ஒரு ஆன்லைன் லீக் நடத்துகிறீர்கள். கால்வாசி அணிகளுக்கு மேனேஜர் இல்லை. டிஸ்கார்டிலும் ரெட்டிட்டிலும் விளம்பரம் போட்டு அலுத்துவிட்டது, புதிதாக ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இப்படி ஒரு லீக்கில் அணி வைத்திருக்கிறேன். கொஞ்ச காலம் லீக்கை நடத்தும் எங்கள் கமிஷனருக்கு ஆள் சேர்க்கும் வேலையில் ஒத்தாசையாகவும் இருந்தேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், லீக்கை விளம்பரம் செய்வதை நிறுத்துங்கள். ஒரு அணியை விளம்பரம் செய்யுங்கள். 'யதார்த்தமான லீக், வாரம் மூன்று சிமுலேஷன், துடிப்பான உறுப்பினர்கள்' என்றுதான் எல்லா லீக்கும் எழுதுகிறது. படிக்கிறவருக்கு எதுவும் ஒட்டாது. மாறாக இப்படிப் போட்டுப் பாருங்கள்: 'எங்கள் கிளீவ்லாந்து அணிக்கு ஆள் தேவை. போன சீசனில் கடைசி இடம், பிட்சிங் தேறாது. ஆனால் டிரிபிள்-ஏ-வில் 20 வயது ஷார்ட்ஸ்டாப் ஒருவன் தயாராக இருக்கிறான். டிராஃப்டில் முதல் தேர்வு உங்களுக்கு. கழுத்தை நெரிக்கும் இரண்டு பெரிய ஒப்பந்தங்கள் அடுத்த வருடம் முடிகின்றன.' (டிரிபிள்-ஏ என்பது முதன்மை லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள மைனர் லீக். ஷார்ட்ஸ்டாப் ஒரு ஃபீல்டிங் இடம். டிராஃப்ட் என்பது புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது.) பேஸ்பால் கிறுக்கு உள்ள எவனும் இதைப் படித்ததுமே யாரை விற்கலாம், யாரை வாங்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான்.

ஆனால் அந்த அணி உண்மையிலேயே எடுக்கத் தக்கதாக இருக்க வேண்டும். ஆளில்லாத அணியைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. பழைய மேனேஜர்கள் அதனிடம் டிரேட், அதாவது வீரர் பரிமாற்றம், பேசி நல்ல வீரர்களை ஒவ்வொருவராகக் கழற்றிக்கொண்டு போவார்கள், கேட்பாரற்ற தோப்பில் காய் பறிப்பது மாதிரி. அப்புறம் புதிதாக வருகிறவர் சக்கையைத்தான் பார்ப்பார். இரண்டே வாரத்தில் ஆள் காணாமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பேன். கம்ப்யூட்டர் அணியுடன் டிரேட் கூடாது என்று இன்றே விதி போடுங்கள். ஏற்கெனவே சூறையான அணிகளை மூடிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு புது அணிகளைத் தொடங்கி, மற்ற அணிகளிலிருந்து அவை வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பான்ஷன் டிராஃப்ட் நடத்துங்கள். அடுத்தவர் விட்டுப்போன குப்பையைக் கூட்டுவதற்கு வராதவர்கள்கூட, ஊர் பெயரும் அணிப் பெயரும் தானே வைக்கலாம் என்றால் வருவார்கள். நிஜத்திலேயே 1998ல் புதிதாக வந்த அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 2001ல் நியூயார்க் யாங்கீஸைத் தோற்கடித்து, சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தது. விளம்பரத்தில் அந்த ஒரு வரியைப் போட்டாலே போதும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த வழி: உதவி மேனேஜர். தெரியாத ஒருவரிடம் முழு அணியையும் தூக்கிக் கொடுப்பதால்தான் பாதிப் பேர் மிரண்டு ஓடுகிறார்கள். எம்.எல்.பி. (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) விதிகளை அப்படியே வைத்திருக்கும் லீக் என்றால் 40 பேர் பட்டியல், அதில் ஆடத் தகுதியான 26 பேர், வேய்வர் (கழற்றிவிடும் வீரரை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள விடுவது), ரூல் 5 டிராஃப்ட் (மற்ற அணிகளின் 40 பேர் பட்டியலில் இல்லாத மைனர் லீக் வீரரை எடுப்பது), பொதுவாக மூன்று வருட சர்வீஸ் முடிந்ததும் ஆர்பிட்ரேஷன் (சம்பளத் தகராறை நடுவர் தீர்ப்பது), ஆறு வருடத்தில் ஃப்ரீ ஏஜென்சி (எந்த அணியோடும் பேரம் பேசும் உரிமை) என்று ஒரு பெரிய பாடமே இருக்கிறது. கிரிக்கெட் நண்பர்களை அழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்களே, அவர்களுக்கும் இடிக்கப்போவது இதுதான். ஐ.பி.எல். ஏலத்தில் பழகிய கண்ணுக்கு, நன்றாக ஆடும் ஒருவன் ஏன் இன்னும் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கிறான் என்பது சுலபத்தில் புரியாது. ஆகவே ஒரு பழைய மேனேஜருக்குக் கீழே மைனர் லீக் அணிகளை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது டிராஃப்ட் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லுங்கள். பழையவர் ஊருக்குப் போகும்போது அணியும் அநாதையாகாது. ஒரு சீசன் ஓடியதும் காலியாகும் அணி அவருக்கு. தியோ எப்ஸ்டைன் 2002ல் 28 வயதில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஜெனரல் மேனேஜர் ஆனபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அவர் பால்டிமோரில் இன்டர்னாகத் தொடங்கி, சான் டியேகோவில் கீழ்மட்ட வேலைகள் பார்த்து வந்தவர்.

ஆள் தேடும் இடத்தையும் மாற்றலாம். இந்த விளையாட்டில் லீக்கின் மொத்தப் புள்ளிவிவரத்தையும் சி.எஸ்.வி. கோப்பாகவோ மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமாகவோ இறக்கலாம். டேட்டா சயன்ஸ் படிக்கும் மாணவர்களுக்கு அது தீனி. பல்கலைக்கழகங்களில் இருக்கும் விளையாட்டுப் புள்ளியியல் குழுக்களிடம், 'பல சீசன் தரவு தருகிறோம், நீங்கள் எழுதும் மாடலை வைத்து ஒரு அணியை நடத்திக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். ஒரு குழுவே சேர்ந்து ஒரு அணியை எடுத்தாலும் நல்லதுதான். தேர்வு நேரத்தில் மட்டும் காணாமல் போவார்கள்.

இன்னொரு முனையில் பெரியவர்கள். ஸ்ட்ராட்-ஓ-மேடிக் என்ற அட்டையும் பகடையும் கொண்ட பேஸ்பால் விளையாட்டு 1961லிருந்து இருக்கிறது. அதில் ஊறியவர்களுக்கு லீக் ஒழுக்கம் ரத்தத்தில் உண்டு. 1971ல் கூப்பர்ஸ்டவுனில் தொடங்கிய அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகளிலும் இப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். 1901 அல்லது 1927 போன்ற பழைய சீசனிலிருந்து விளையாடத் தொடங்கும் சரித்திர லீக் என்றால் இவர்களை மிஞ்ச ஆளில்லை. லீக் ஃபைலை டவுன்லோட் செய்து, தங்கள் அணியில் செய்த மாற்றங்களைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று மட்டும் யாராவது பொறுமையாகக் காட்ட வேண்டும்.

எப்போது தேடுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஜூலையில் தேடாதீர்கள், எல்லோரும் நிஜ ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேர்ல்ட் சீரிஸ் முடிந்து பிப்ரவரியில் ஸ்பிரிங் டிரெயினிங் தொடங்கும் வரையிலான வறட்சிதான் நம் அறுவடைக் காலம். நிஜ ஆட்டம் நின்றாலும் இந்தப் பக்கம் கவனம் திரும்பும்: 2020ல் கொரோனாவால் சீசன் ஜூலை 23 வரை தள்ளிப்போனபோது, பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளமே இந்த விளையாட்டின் 21ஆம் பதிப்பை வைத்துத் தினமும் சீசனை ஓட்டிக் காட்டியது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை லாக்அவுட், அதாவது ஒப்பந்தம் இல்லாமல் அணி உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். அதன் முடிவில் போட்ட தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைதான். அதன் பிறகு மறுபடி லாக்அவுட் வரலாம் என்பதால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

கடைசியாகக் காசு விஷயம். லீக்கில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். வருடா வருடம் புதுப் பதிப்புக்குத் தாவும் லீக்கில் சேர, புதியவர் முழு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு பதிப்பு பின்னால் இருந்தால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையின் தள்ளுபடியில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். எங்கள் லீக்கில் அப்படித்தான். புது வசதி வேண்டும் என்று இரண்டு பேர் இன்னும் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.