பழைய ஜூனோவா, புதிய மறுவெளியீடா?

கேள்வி: நண்பர்களுடன் மேடையில் கீபோர்டு வாசிக்கிறேன், வீட்டில் பதிவும் செய்கிறேன். எண்பதுகளின் அனலாக் சிந்தசைசர் ஒலிமேல் நெடுநாள் ஆசை. ஜப்பானிலிருந்து வந்த ரோலண்ட் ஜூனோ-106 ஒன்று விலைக்கு இருக்கிறது. “ஒரு குரல் மட்டும் கொஞ்சம் கரகரக்கும், மற்றபடி புதிது மாதிரி” என்கிறார் விற்பவர். அதை வாங்கலாமா? அல்லது கம்பெனிகள் இப்போது மறுபடி வெளியிடும் பழைய மாடல்களில் ஒன்றை எடுக்கலாமா? மலிவு நகல்கள் உருப்படியானவையா?

பதில்: அந்தக் “கொஞ்சம் கரகரப்பு” பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் காசு போகப்போகும் இடம் அதுதான். அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

புத்தகத்துக்கு மறுபதிப்பு வந்தால் தாளும் அட்டையும் மாறலாம், உள்ளே இருக்கும் வரி மாறாது. சிந்தசைசரில் இந்த உத்தரவாதம் கிடையாது. பெயரும் முகப்பும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது முழுக்க வேறாக இருக்கலாம். உங்கள் ஜூனோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் வந்த 106-ஐ ரோலண்ட் அனலாக் கருவியாக, அதாவது மின்சுற்றே ஒலியை உண்டாக்கும் கருவியாக, திரும்பச் செய்யவில்லை. 2019-இல் வந்த ஜேயு-06ஏ பார்வைக்குக் குட்டி ஜூனோ. உள்ளே பழைய சுற்றின் போக்கைக் கணக்கிட்டு ஒலியாக்கும் ஒரு கணினி. ஆறு குரலுக்குப் பதில் நான்கு (ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்குமோ அத்தனை குரல்), கட்டைகளும் தனியாக வாங்க வேண்டும். இதை மட்டமாகச் சொல்லவில்லை. மேடையில் கூட்டத்துக்கு நடுவே கேட்டால் எனக்கே வித்தியாசம் பிடிபடாது. ஆனால் அனலாக் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

சுற்றை அப்படியே திரும்பக் கட்டியதற்கு நல்ல உதாரணம் மினிமூக் மாடல் டி. 1970-இல் வந்து 1981-இல் நின்றுபோன கருவி. அதை 2016-இல் மூக் கம்பெனியே அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் மறுபடி செய்தது. அடுத்த ஆண்டு நிறுத்தி, 2022-இல் திரும்பவும் தொடங்கியது. மூன்று ஆஸிலேட்டர் (மூல ஒலியை உண்டாக்கும் பகுதி), அந்தப் புகழ்பெற்ற ஏணி ஃபில்டர் (அந்த ஒலியை வடிகட்டும் பகுதி), 44 கட்டைகள் எல்லாம் பழையபடியே. சேர்த்தவை மிடி (மின்னணு இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் வழி), விரலின் வேகத்தையும் அழுத்தத்தையும் உணரும் கட்டைகள், அதிர்வுக்கு (வைப்ரேட்டோ) மெதுவாக ஆடும் தனி ஆஸிலேட்டரான எல்எஃப்ஓ. பழைய மினிமூக்கில் வைப்ரேட்டோ வேண்டுமென்றால் மூன்றாவது ஆஸிலேட்டரைத் தியாகம் செய்ய வேண்டியிருந்தது. இப்போது அது தேவையில்லை. ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து வெளி உள்ளீட்டில் செருகி ஒலியைக் கெட்டிப்படுத்துவது அந்தக் கால வாசிப்பாளர்களின் தந்திரம். அதையும் வயர் இல்லாமல் உள்ளேயே கொடுத்துவிட்டார்கள். குறை என்று பார்த்தால் விலை ஒன்றுதான். அது சின்னக் குறை அல்ல.

கோர்க் கம்பெனி வேறு வழியில் போனது. 1978-இன் எம்எஸ்-20-ஐ 2013-இல் 86 விழுக்காடு அளவுக்குச் சுருக்கி எம்எஸ்-20 மினி என்று கொண்டுவந்தது. பழைய கருவியை வடிவமைத்தவர்களே இதிலும் இருந்தார்கள். அசல் எம்எஸ்-20 தயாரிப்பில் இருந்தபோதே நடுவில் ஃபில்டர் மாறியது. மினியில் இருப்பது முதல் வகை. பீக் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு கட்ஆஃப் குமிழை மெல்ல இறக்கிப் பாருங்கள். ஓட்டை நாதஸ்வரத்தை முழு மூச்சில் ஊதியது போல ஓர் அலறல் வரும். எனக்கு அந்த அலறலுக்காகவே இந்தக் கருவியைப் பிடிக்கும். ஆனால் கட்டைகளும் சுருங்கிவிட்டன. பெரிய விரல்காரர்கள் கடையில் வாசித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். இன்னொன்று, வயர் போட்டு இணைக்கும் பெரும்பாலான மாடுலர் கருவிகளில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். எம்எஸ்-20-இல் ஸ்தாயிக்கு ஸ்தாயி வோல்ட் இரட்டிக்கும்: ஒன்று, இரண்டு, நான்கு. மினியிலும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. வேறு கருவியோடு வயர் போட்டு இணைத்துவிட்டு, “சுருதியே சேரவில்லை” என்று திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் உண்டு.

புராஃபெட்-5 கதை இன்னும் வேடிக்கை. 1978-இல் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் கம்பெனி கொண்டுவந்த ஐந்து குரல் கருவி அது. முதல் இரண்டு பதிப்புகளில் ஒருவகை ஃபில்டர் சிப், மூன்றாவதில் வேறு சிப். எது உயர்ந்தது என்று நாற்பது ஆண்டு சண்டை. 2020-இல் வந்த நான்காம் பதிப்பில் இரண்டு வகையையும் வைத்து, மாற்றிக்கொள்ள ஒரு பொத்தானும் கொடுத்துவிட்டார் ஸ்மித். கூடவே ‘வின்டேஜ்’ என்று ஒரு குமிழ். அதில் 4, 3, 2, 1 என்று எண்கள் இருக்கும். 4-இல் ஐந்து குரலும் ஒழுங்காக நிற்கும். 1-ஐ நோக்கித் திருப்பத் திருப்ப முதல் பதிப்பைப் போல ஒவ்வொரு குரலும் தன் போக்குக்கு லேசாக விலகும். சுருதி நிற்கவில்லை என்று ஒரு காலத்தில் தலையில் அடித்துக்கொண்ட சங்கதியை இன்று குமிழ் வைத்துக் கொடுக்கிறார்கள். நாமும் காசு கொடுக்கிறோம்.

“என்ன இருந்தாலும் பழசு பழசுதான்” என்பவர்களுக்கு என் பதில் ஒன்று உண்டு. எழுபதுகளில் மினிமூக்கை வைத்துப் பதிவு செய்தவர்கள் கையில் இருந்தது புதுக் கருவி. ஐம்பது வயதான கருவி அல்ல. இன்று விற்பனைக்கு வரும் பழைய கருவியில் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், குமிழ்களின் கீழ் தூசி படிந்திருக்கும், யாரோ ஒருவர் உள்ளே அளவு சரிசெய்யும் டிரிம்மர் திருகுகளைத் திருகித் திருகி அளவு தவறியிருக்கும். இசைத்தட்டில் நீங்கள் கேட்ட ஒலிக்கு, பராமரிக்காத அசலைவிட நன்றாகச் செய்த மறுவெளியீடே நெருக்கம். பெட்டியின் பழமை வேண்டும் என்றால் பழசை வாங்குங்கள். அதுவும் ஓர் இன்பம்தான். ஒலி வேண்டும் என்றால் அந்தக் காரணம் செல்லாது.

இனி மலிவு நகல்கள். பெஹ்ரிங்கர் கம்பெனியின் மினிமூக் நகலான மாடல் டி வந்தபோது விலை சுமார் 300 டாலர். மினிமூக் மறுவெளியீட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஏணி ஃபில்டரின் காப்புரிமை 1969-இல் வழங்கப்பட்டு எப்போதோ காலாவதியானது. சுற்றை யாரும் கட்டலாம், பெயரைத்தான் எடுக்கக்கூடாது. இதில் ஆஸிலேட்டரும் ஃபில்டரும் உண்மையான அனலாக்தான். கட்டை மட்டும் இல்லை. ஒலியில் நான் பெரிய குறை காணவில்லை. என் தயக்கம் பழுது பார்ப்பதில்தான். பலகை முழுக்க அரிசிக்குருணை அளவுப் பாகங்கள். பழைய முறையில் துளையில் காலை நுழைத்து ஈயம் வைத்த பாகத்தை உங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக்கே மாற்றிவிடுவார். இதற்குப் பூதக்கண்ணாடியும் சூடான காற்றுக் கருவியும் பழகிய கையும் வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் கெட்டால், சரிசெய்யும் கூலிக்குக் கொஞ்சம் சேர்த்தால் புதிதே வாங்கிவிடலாம். அதற்கு மனம் ஒப்பினால் தாராளமாக வாங்குங்கள்.

உங்கள் கேள்வியில் ‘மேடை’ என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மினிமூக், எம்எஸ்-20, அவற்றின் நகல்கள் எல்லாமே ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும், கார்டு வாசிக்க முடியாது. அமைத்த ஒலியைச் சேமிக்கவும் முடியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முப்பது விநாடிக்குள் பத்துக் குமிழ்களை இருட்டில் திருப்ப வேண்டும். வீட்டுப் பதிவுக்கு இது ஆனந்தம், மேடையில் அவஸ்தை. ஜூனோவில் உங்களுக்குப் பிடித்தது கார்டின் குழைவுதான் என்றால் பெஹ்ரிங்கரின் டீப்மைண்ட் 6-ஐ ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 106-ஐ மனத்தில் வைத்துச் செய்த ஆறு குரல் அனலாக் கருவி, நினைவகமும் உண்டு. நகல் அல்ல, ஜூனோவின் ஒலியும் அச்சாக வராது. ஜூனோ குழைவில் பாதி, ஒரே ஒலியைப் பலதாகக் கேட்கச்செய்யும் அதன் கோரஸ் பொத்தான்களின் வேலை என்பதையும் மறக்க வேண்டாம். கோரஸை அணைத்துவிட்டுக் கேட்டால் ஒரு குரலுக்கு ஒரே ஆஸிலேட்டர் உள்ள எளிய கருவிதான் அது.

இப்போது கரகரப்புக்கு வருவோம். 106-இல் ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்று ஒரு சிப். ஃபில்டரும் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அதற்குள். அந்தச் சிப்பைக் கறுப்பு ரெசினில் முக்கி மூடியிருக்கிறார்கள். ஆண்டுகள் போகப்போக அந்த ரெசினே சிப்பைக் கெடுக்கிறது. முதலில் கரகரப்பு, பிறகு மௌனம். ஒன்று போனால் மற்ற ஐந்தும் அதே வயது, அதே ரெசின். சரிசெய்பவர்கள் சிப்புகளைக் கழற்றி அசிட்டோனில் ஓரிரு நாள் போட்டுவைப்பார்கள். ஊறவைத்த பாதாம் தோல்போல ரெசின் வழன்று வரும். உள்ளே ஒரு சின்னப் பீங்கான் தகடு. பலமுறை இது பலிக்கிறது, சிலமுறை கால் ஒடிந்து போகிறது. புதிதாகச் செய்த மாற்றுச் சிப்புகளும் கிடைக்கின்றன. ஆகவே விலை பேசும்போது ஒரு சிப்புக்கு அல்ல, ஆறுக்கும் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

விற்பவரிடம் வீடியோ கேளுங்கள். கோரஸ் அணைத்திருக்க வேண்டும். ஒரு கட்டையை அழுத்தி விடாமல் பிடித்து, அடுத்ததை, அதற்கடுத்ததை என்று ஆறு கட்டைகளையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்; ஆறு குரலும் அப்போதுதான் வெளியே வரும். எல்லா ஸ்லைடர்களையும் மேலும் கீழும் தள்ளிக் காட்டட்டும். நினைவகத்துக்கான பேட்டரி எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். அது உள்ளே பலகையிலேயே ஈயம் வைத்துப் பொருத்தியது, நீங்களாக எளிதில் மாற்ற முடியாது.

வாங்கியே தீருவேன் என்றால், பின்புறம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பிளக்கைத் தொடாதீர்கள். ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. தட்டை முள் பிளக்குக்குக் கடையில் ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினால் முள்ளின் வடிவம்தான் மாறும், வோல்ட் மாறாது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி மாட்டி ஸ்விட்சைப் போட்டார். ஒரு ‘டப்’ சத்தம், ஊதுபத்தி அளவுக்குப் புகை, அவ்வளவுதான். 230-ஐ 100 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கருவி வந்து சேரும் முன்பே வாங்கிவைத்துவிடுங்கள்.