மாஜி அதிபர் எம்.பி. ஆன கதை

கேள்வி: அமெரிக்க அதிபராக இருந்தவர் யாராவது பிற்பாடு அதைவிடச் சின்னப் பதவிக்குப் போட்டியிட்டது உண்டா?

பதில்: உண்டு. ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். அந்தக் காலத்து அதிபர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர், ஆனால் அதிபராக அவர் செய்ததற்காக அல்ல.

இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் மகன். ரஷ்யா சென்ற தூதருக்கு 14 வயதிலேயே உதவியாளர். பின்னாளில் வெளியுறவு அமைச்சராகி, ஸ்பெயினிடமிருந்து ஃப்ளோரிடா கைமாற ஒப்பந்தம் போட்டவர். 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 வாக்காளர் குழு (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகள்) ஓட்டுகள், இவருக்கு 84. மற்ற வேட்பாளர்களும் ஓட்டுகளைப் பிரித்ததால் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அப்படி நேர்ந்தால் அதிபரைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை; அது இவரைத் தேர்ந்தெடுத்தது. ஆதரவு கொடுத்த ஹென்றி கிளேயை வெளியுறவு அமைச்சராக்கினாரா, 'பேரம் பேசிப் பிடித்த பதவி' என்ற பழி கடைசிவரை விடவில்லை. 1828-ல் ஜாக்சனிடம் படுதோல்வி.

வேறொருவராக இருந்தால் வீட்டோடு இருந்திருப்பார். இவர் 1830-ல் மாசசூசெட்ஸிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தார். குடும்பத்தாருக்கே இதில் இஷ்டமில்லை. அவரோ, அதிபரானபோதுகூட இதில் பாதி சந்தோஷம் இல்லை என்று டைரியில் எழுதினார்.

அடிமை முறையை எதிர்த்து வரும் மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவிட வேண்டும் என்று 1836-ல் சபை ஒரு வாய்ப்பூட்டு விதி கொண்டுவந்தது. ஆடம்ஸ் விடவில்லை. 1837 பிப்ரவரியில் எழுந்து, "அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்படும் ஒரு மனு என்னிடம் இருக்கிறது. இதற்கும் அந்த விதி பொருந்துமா?" என்று சபாநாயகரிடம் கேட்டார். அவையில் ஒரே கூச்சல். அவரைக் கண்டிக்கத் தீர்மானமே வந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னார்: அந்த மனு அடிமை முறையை ஒழிக்கக் கேட்கவில்லை, ஒழிக்க வேண்டாம் என்கிறது! கோபத்தில் குதித்தவர்கள் மனுவில் என்ன இருக்கிறது என்றே பார்க்கவில்லை. அடிமைகளுக்கும் மனுக் கொடுக்கும் உரிமை உண்டா என்ற கேள்வியை அந்த அவை நாள்கணக்கில் பேசும்படி செய்துவிட்டார். அந்தச் சாமர்த்தியத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

1841-ல், 73 வயதில், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டபோது 'அமிஸ்டாட்' கப்பலில் கிளர்ச்சி செய்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. வாய்ப்பூட்டு விதியை சபை 1844 டிசம்பரில் ரத்து செய்தது. அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் ஆடம்ஸ்தான். 1848-ல் இறக்கும்வரை அவர் எம்.பி.யாகவே இருந்தார்.