திருப்பலியில் எதைப் பலி கொடுக்கிறார்கள்?

புதுச்சேரி மிஷன் வீதியில் சம்பா கோவில் என்கிற கத்தோலிக்கப் பேராலயத்தைத் தாண்டிப் போகிற பலருக்கும் வரும் சந்தேகம்தான் இது: கத்தோலிக்கரின் பூசையான திருப்பலியில் ஆடு, கோழி எதுவும் வெட்டுவதில்லை, அப்புறம் ஏன் அது பலி?

கத்தோலிக்கர் நம்பிக்கைப்படி பலிப்பொருள் இயேசுவேதான். சாவதற்கு முந்தைய இரவு, அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் எடுத்து, இது உங்களுக்காகக் கொடுக்கப்படும் என் உடல், சிந்தப்படும் என் இரத்தம் என்றார். தம் நினைவாக அதைச் செய்யவும் சொன்னார். மறுநாள் சிலுவையில் அதுவே நடந்தது. குருவானவர் பீடத்தில் அந்தச் சொற்களைச் சொல்லும்போது, அப்பமும் இரசமும் அவருடைய உடலும் இரத்தமுமாகின்றன. அந்த ஒரே பலி அங்கே முன்னிலையாகிறது. 1562இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டமான திரெந்து சங்கமும் இதையே சொன்னது: பலியாவதும் ஒப்புக்கொடுப்பதும் அதே கிறிஸ்து, கொடுக்கும் முறைதான் வேறு, இங்கே இரத்தம் சிந்துவதில்லை.

வீட்டுக் குழாயைத் திறந்தால் புதுத் தண்ணீர் உருவாவதில்லை, மேலே தொட்டியில் இருப்பதுதான் வருகிறது. ஏறக்குறைய அப்படித்தான் (எந்த உவமையும் இதற்கு முழுசாகப் பொருந்தாது).

சரி, தினமும் இயேசுவை மறுபடி சாகடிக்கிறார்களா என்றால், இல்லை. அவர் ஒரே முறைதான் இறந்தார் என்பதில் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் மாற்றுக் கருத்தில்லை.