பெல் ஐல் தீவில் மரம் நடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: டெட்ராய்ட் பக்கத்தில் டிராயில் இருக்கிறோம். ஒவ்வொரு கோடையிலும் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் பெல் ஐல் தீவுப் பூங்காவில் கூடுவோம். ஊரில் காலமான பெரியவர்கள் நினைவாக அங்கே ஐம்பது மரக்கன்றுகள் நடலாம் என்று பேசிப் பணமும் சேர்த்துவிட்டோம். என்ன மரம், எந்த மாதம்? வசந்த காலத்தில் அந்தக் காட்டுப் பகுதியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதே, கன்று பிழைக்குமா?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தீவின் நூற்று நாற்பது வருடக் கதையே தண்ணீர்தான்.

டெட்ராய்ட் ஆற்றின் நடுவே 982 ஏக்கர், ஆற்று மட்டத்துக்குச் சில அடிதான் உயரம், கிட்டத்தட்டத் தட்டையான களிமண் நிலம். 1879இல் நகராட்சி இதை 2 லட்சம் டாலருக்கு வாங்கியது. பூங்காவாக மாற்றித் தரச் சொல்லி ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டைக் கூப்பிட்டார்கள், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவர். அவரும் முதலில் கவலைப்பட்டது வடிகாலைப் பற்றித்தான். கால்வாய் வெட்டுங்கள், வெட்டிய மண்ணைக் கொட்டித் தாழ்ந்த இடத்தை மேடாக்குங்கள், காட்டைக் காடாகவே விடுங்கள் என்பது அவர் யோசனை. முழுதாக நிறைவேறவில்லை, அவரும் பாதியில் விலகிவிட்டார். ஆனால் இன்றைக்கு அந்தத் தீவைப் பராமரிக்கிறவர்கள் செய்யும் வேலையைப் பார்த்தால் அந்த மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

தீவின் கிழக்குப் பாதியில் ஏறக்குறைய 200 ஏக்கருக்கு ஒரு காடு இருக்கிறதே, நீங்கள் தண்ணீர் தேங்குகிறது என்று சொல்வது அதைத்தான் என்று நினைக்கிறேன். அங்கே வசந்தத்தில் தண்ணீர் நிற்பது நோய் இல்லை. அது அந்தக் காட்டின் இயல்பு. பனி உருகிய நீர் களிமண்ணில் இறங்காமல் மேலேயே நிற்கும், கோடையில் வற்றும், அப்புறம் நிலம் காய்ந்து வெடிக்கக்கூடச் செய்யும். இந்த இரண்டையும் தாங்கும் மரங்கள்தான் அங்கே நிற்கின்றன: ஷூமார்ட் ஓக், சதுப்பு வெள்ளை ஓக், பின் ஓக், பம்ப்கின் ஆஷ். ஷூமார்ட் ஓக்கும் பம்ப்கின் ஆஷும் மிச்சிகனில் அபூர்வம்.

கெட்டுப் போனது எங்கே என்றால், காட்டுக்குள் ரோடு போட்டதில். கண்மாய்க்கு வரும் வரத்துக்காலின் குறுக்கே ரோடு போட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ரோடு கரை மாதிரி நின்றுவிடும், அடியில் போட்ட குழாய்ப் பாலம் மண் அடைத்துத் தூர்ந்துவிடும், ஜூன் மாதம் வற்ற வேண்டிய தண்ணீர் ஆகஸ்ட்டிலும் நிற்கும். வேர் மூச்சுத் திணறி மரம் நின்ற இடத்திலேயே சாகும். போதாததற்கு மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு 2002இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, ஆஷ் மரங்களை வாரிக்கொண்டு போனது. அதற்கு முன்னால் நூறு வருடம் போல அங்கே வளர்த்துவிட்ட ஐரோப்பிய மான் கூட்டம் கீழ்க்கன்றுகளை எல்லாம் மேய்ந்து தீர்த்திருந்தது, அதனால் செத்த மரத்தின் இடத்தைப் பிடிக்க இளம் மரமே இல்லை.

அதனால்தான் சீரமைப்பை மரத்தில் தொடங்காமல் தண்ணீரில் தொடங்கினார்கள். முதலில் தீவிலேயே இருக்கும் ப்ளூ ஹெரான் காயலை 2013இல் ஆற்றோடு திறந்துவிட்டார்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் ஒகனோகா ஏரியை இணைத்தார்கள், காட்டுக்குள் தண்ணீர் போய்வர வழி செய்தார்கள். மீன் முட்டையிட வரவும் அது உதவுகிறது. இதெல்லாம் பிக்னிக் போகிறவர் கண்ணுக்குத் தெரியாத வேலை. தீவில் செடிகள் வளர்க்கும் கண்ணாடித் தோட்டக் கூடத்தை 2022 இறுதியில் மூடிக் குவிமாடத்தைச் சரிசெய்து 2024 டிசம்பரில் திறந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் என்னைக் கேட்டால் அந்தக் கால்வாய் வேலை அதைவிடப் பெரியது.

காட்டுக்கு வெளியே இருக்கும் இடங்களுக்கும் இதே கதைதான். 2019இல் இந்த வட்டாரப் பேரேரிகளின் நீர்மட்டம் வரலாறு காணாத அளவு ஏறியபோது, நெதர்லாந்துத் தோட்டக் கலைஞர் பீட் ஊடால்ஃப் வடிவமைத்த தோட்டத்துக்காக ஒதுக்கியிருந்த இடம் மூழ்கிவிட்டது. நிலத்தை மேடாக்கிய பிறகே நட்டார்கள், 2021இல் திறந்தார்கள்.

இப்போது உங்கள் ஐம்பது கன்று. அனுமதி இல்லாமல் ஒன்றுகூட நட முடியாது, இது 2014 முதல் மாநிலப் பூங்கா. மிச்சிகன் இயற்கை வளத் துறையின் பூங்கா அலுவலகத்துக்கும், தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பெல் ஐல் கன்சர்வன்சிக்கும் எழுதுங்கள். "மரம் நட வேண்டும்" என்று எழுதாமல், "எங்களிடம் இருபது பேர் இருக்கிறார்கள், இவ்வளவு பணம் இருக்கிறது, உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் தேவை" என்று எழுதுங்கள். பதில் வரும் விதமே வேறாக இருக்கும். ஊர் நினைவில் வேப்பங்கன்று நடும் ஆசை இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள், மிச்சிகன் குளிரில் அது முதல் குளிர்காலத்தைத் தாண்டாது.

பெரும்பாலும் அவர்கள் களை பிடுங்கத்தான் கூப்பிடுவார்கள். மனம் தளர வேண்டாம், இளம் ஓக் பிழைக்க அதுதான் வழி. பூண்டுக் கடுகு என்று ஒன்று, ஏப்ரல் மே மாதத்தில் சின்ன வெள்ளைப் பூவோடு நிற்கும், இலையைக் கசக்கி முகர்ந்தால் பூண்டு வாசனை அடிக்கும். தண்டின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தால் வேர் முழுதாக வரும், வேரின் மேல் முனையில் எஸ் எழுத்துப் போல ஒரு வளைவு இருக்கும். பிடுங்கியதை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு முறை நாங்கள் அப்படிக் குவித்துவிட்டு வந்தோம், பிடுங்கிய செடியிலேயே விதை முற்றி அந்தக் குவியலைச் சுற்றி அடுத்த வருடம் பாய் விரித்தது போல முளைத்திருந்தது. பையில் கட்டி வெளியே கொண்டு வர வேண்டும்.

இன்னொன்று பக்தார்ன் புதர். நவம்பரில் மற்ற மரமெல்லாம் இலை உதிர்த்த பிறகும் இது மட்டும் பச்சையாக நிற்கும், பட்டையைச் சுரண்டினால் உள்ளே ஆரஞ்சு நிறம். பெரிய புதரை வெட்டிவிட்டால் போதாது, அடிக்கட்டையில் மருந்து தடவாவிட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மருந்து வேலையை உரிமம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் வெட்டி இழுத்துக் கொடுங்கள்.

நடவே வாய்த்தால், அக்டோபர் நல்ல மாதம். எந்த இனம் என்பதை அவர்கள் சொல்வதுபடி செய்யுங்கள், கடையில் அழகாக இருக்கிறது என்று வாங்கிப் போகாதீர்கள். குழி வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆனால் வேர்க்கட்டி உயரத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். அடித்தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். களிமண்ணில் ஆழமாகப் புதைத்த கன்று இரண்டு வருடம் நன்றாகவே இருக்கும், மூன்றாம் வருடம் வாடும். அப்படிச் செத்த கன்றுகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறேன், வேர் கறுத்து அழுகின முட்டை வாடை வீசும். மூடாக்கு மரத்தூளைத் தண்டில் முட்டக் குவிக்காதீர்கள், ஒரு கை அகலம் விட்டு வட்டமாகப் போடுங்கள். மரத்தைக் கடித்துச் சாய்க்கும் பீவர் என்ற விலங்கு டெட்ராய்ட் ஆற்றுக்குத் திரும்பி வந்திருப்பதால் கரையோரக் கன்றுக்குக் கம்பி வலை கட்டாயம்.

ஓக் மரக் கிளையை ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். ஓக் வாடல் நோய்ப் பூஞ்சையை வண்டுகள் அந்தப் புது வெட்டுக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கும், சிவப்பு ஓக் வகை என்றால் அந்தக் கோடையிலேயே போய்விடும். பிக்னிக்குக்கு வீட்டிலிருந்து விறகு எடுத்துப் போகும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். நோயும் வண்டும் விறகோடுதான் ஊர் மாறுகின்றன.

இன்னும் ஒன்று. ஐம்பது வேண்டாம், பன்னிரண்டு போதும், குடும்பத்துக்கு ஒன்று. நட்ட கன்றுக்கு முதல் மூன்று கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும், மழை இல்லாத வாரத்தில் ஒரு கன்றுக்கு இரண்டு மூன்று வாளி. டிராயிலிருந்து அரை மணி நேரம்தான், காருக்கு ரெக்ரியேஷன் பாஸ்போர்ட் என்ற மாநிலப் பூங்கா அனுமதி இருந்தால் நேராக உள்ளே போகலாம், பாலத்தில் நடந்தோ சைக்கிளிலோ போனால் அதுவும் வேண்டாம். ஜூலை ஆகஸ்ட்டில் எந்த வாரம் எந்த வீடு என்று கூடிய நாளிலேயே ஒரு தாளில் எழுதி, மிச்சப் பணத்தில் ஆளுக்கு இரண்டு வாளி வாங்கிவிடுங்கள்.