தனியாக உலகம் சுற்றப் போகிறேன், யாருக்கும் புரியவில்லை

வணக்கம் மேடம்,

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு ஆலோசனை வேண்டுமா என்றுகூடத் தெரியவில்லை. முடிவு எடுத்தாகிவிட்டது. என்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஏன் அது புரியவே மாட்டேன் என்கிறது என்பதுதான் என் கேள்வி.

நாற்பதை நெருங்குகிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய கார்ப்பரேட் நிறுவனத்தில் சேர்ந்தேன். டீம் லீட், மேனேஜர், சீனியர் மேனேஜர் என்று அங்கேயே வளர்ந்தேன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். தம்பியின் படிப்பு, வீட்டுக் கடன், அம்மாவின் ஆபரேஷன் எல்லாம் என் சம்பளத்தில்தான் நடந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கடமை, செய்தேன். இப்போது கடன் எதுவும் இல்லை. தம்பி நல்ல வேலையில் இருக்கிறான், மனைவி, குழந்தைகள் என்று ஆகிவிட்டது. அம்மா அவனோடு இருக்கிறார். இனிமேலாவது எனக்காக வாழலாம் என்றுதான் இந்த முடிவு.

வேலையை விட்டுவிட்டுத் தனியாக உலகம் சுற்றப் போகிறேன். விளையாட்டில்லை மேடம், எக்செலில் முழுத் திட்டமும் இருக்கிறது. ஏப்ரலில் போர்ச்சுகல். பிறகு பிரான்ஸ். அங்கிருந்து பைரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினின் சாந்தியாகோ வரை, கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர் கமினோ யாத்திரைப் பாதையை நடந்தே முடிக்க வேண்டும். செப்டம்பர் வரை ஐரோப்பாவில்தான். அடுத்து பொலிவியாவின் உயுனி உப்புவெளி. டிசம்பர், ஜனவரியில் கோடை என்பதால் தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் படகோனியா. அதற்கடுத்த வருடம் 4,655 மீட்டர் உயரக் கணவாய் வழியாகப் போகும், மத்திய ஆசியாவின் பாமிர் நெடுஞ்சாலை. பணமும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் ஒருவர்கூட மனசார சந்தோஷப்படவில்லை. தம்பியிடம் சொன்னேன். முதல் கேள்வி, "இன்சூரன்ஸுக்கு என்னக்கா பண்ணப் போற? வேலையை விட்டா கம்பெனி பாலிசி போயிடுமே." இரண்டாவது கேள்வி, "திரும்பி வந்து என்ன பண்ணுவ?" அவ்வளவுதான். அவனுக்காக நான் விட்டுக்கொடுத்தவை எத்தனை! வெளிநாட்டு ஆஃபர் வந்தபோதுகூட அவன் கடைசி வருடம் படிக்கிறான் என்று போகாமல் இருந்தேன். ஒரு வார்த்தை, "நீ போயிட்டு வாக்கா, உனக்கு இது தேவை" என்று சொல்லக் கூடாதா? அலுவலகத் தோழி ஒருத்தி, "உனக்கென்ன, குடும்பமா குட்டியா, கொடுத்து வெச்சவ" என்கிறாள். எல்லாருக்கும் இது சொகுசாகத் தெரிகிறது.

மேனேஜரிடம் வாயால்தான் சொல்லியிருக்கிறேன், ராஜினாமா மெயில் இன்னும் டிராஃப்ட்டில் இருக்கிறது. "பிரமாதம், எல்லாரும் செய்ய வேண்டிய விஷயம்" என்று கைகொடுத்தார். அடுத்த வாரமே கிளையன்ட் மீட்டிங்கில் என் இடத்தில் ஜூனியர் பையன். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்! அன்றைக்கு முழுக்க எனக்கு எதிலும் கவனம் இல்லை. இந்த நிறுவனத்துக்கு என் இளமை முழுக்கக் கொடுத்திருக்கிறேன். எனக்கு பர்ன் அவுட் ஆகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் இப்படிக் கோபம் வருமா?

அம்மாவும் அப்படித்தான். "சரிம்மா, பத்திரமாப் போயிட்டு வா" என்றார். உடனே பேரனின் ஸ்கூல் ஃபங்ஷன் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

தம்பி கேட்டானே என்று பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தையும் திறந்தேன். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்று கேட்ட இடத்தில் மட்டும் யாரைப் போடுவதென்று தெரியாமல் என்னுடைய இன்னொரு நம்பரையே போட்டுவிட்டேன். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது, தம்பி இப்படிக் கேள்வி கேட்பதற்குப் பதில் கொஞ்சம் ஆதரவாக இருக்கலாம் என்பதுதான். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? இல்லை, யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் கிளம்பிவிடுவதுதான் சரியா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தோழிக்கு,

"அதை விடுங்கள்" என்று நீங்கள் தாண்டிப்போன வரியை என்னால் விட முடியவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாமிர் மலையில் உங்களுக்கு மயக்கம் வருகிறது என்று வையுங்கள். உங்களால் பேச முடியாத நேரத்தில் மருத்துவமனையோ காப்பீட்டு நிறுவனமோ அழைப்பதற்குத்தான் அந்த எண். அழைப்பார்கள். அது உங்கள் பைக்குள்ளேயே அடிக்கும். இவ்வளவு கவனமாகத் திட்டம் போடுகிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. அம்மா இருக்கிறார், தம்பி இருக்கிறார், தோழி இருக்கிறார். இருந்தும் ஒரு பெயரை எழுதக் கை வரவில்லை. தம்பி மீதும் மேனேஜர் மீதும் இத்தனை பத்தி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நிஜமான கவலை இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. எனக்கு ஒன்று ஆனால் பதறி ஓடிவர யார் இருக்கிறார்கள்?

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். யாருக்கும் புரியவில்லை என்கிறீர்கள். ஆனால் யார் உங்களைத் தடுத்தார்கள்? அம்மா போயிட்டு வா என்றார். மேனேஜர் கைகொடுத்தார். தோழி பொறாமைப்பட்டார். தம்பி இரண்டு கேள்வி கேட்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை சுலபமாக வழி கிடைப்பது அபூர்வம். உங்களுக்கு வலித்ததும் அந்தச் சுலபம்தான் என்று நினைக்கிறேன். அம்மா முகம் வாடியிருந்தால், மேனேஜர் ஒரு நாளாவது பேசிப் பார்த்திருந்தால், இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். நீ போனால் எங்களுக்குக் கஷ்டம் என்று ஒருவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தீர்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வருடக்கணக்காக ஒரு வீட்டைத் தாங்கிய பெண் அப்படி ஒரு வார்த்தைக்கு ஏங்குவது நியாயமான ஏக்கம்.

ஆனால் தம்பி விஷயத்தில் நான் அவர் பக்கம். அவர் சரியான இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். முதல் கேள்வி உங்கள் உடம்பைப் பற்றியது. இரண்டாவதை நீங்கள் ஏளனமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு வேறு மாதிரி கேட்டது. இந்தக் கடிதம் முழுக்கத் தேடினேன், நீங்கள் திரும்பி வருவதைப் பற்றி வாய்திறந்து கேட்ட ஒரே ஆள் அவர்தான். உங்கள் திட்டம் பாமிர் நெடுஞ்சாலையோடு நின்றுவிடுகிறது. வீடு திரும்புகிற தேதி அதில் இல்லை. கடமை, செய்தேன் என்று எழுதிவிட்டு, தம்பிக்காக விட்டுக்கொடுத்ததை இரண்டு பத்தி தள்ளி எடுத்துச் சொல்கிறீர்கள். கடமையாகச் செய்ததை இப்போது கடனாக வசூலிக்கப் பார்க்கிறீர்கள், அதுவும் கடன் வாங்கியவருக்கே தெரியாமல். பாவம், அவருக்குத் தெரிந்த அக்கறை இன்சூரன்ஸ் பற்றிக் கேட்பது. அதை யாரிடம் கற்றிருப்பார்? பணத்தாலும் திட்டத்தாலும் அன்பு காட்டிய அக்காவிடம்தான்.

அம்மாவின் பதிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளை ஓர் அறையில் தாயோடு விட்டு, தாய் வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். தாய் மீது நம்பிக்கையுள்ள குழந்தைகள் தயங்காமல் அறையைச் சுற்றி வந்தார்கள், தாய் போனதும் அழுதார்கள், திரும்பியதும் ஓடி வந்து ஒட்டிக்கொண்டார்கள். இன்னொரு வகைக் குழந்தைகள் தாய் போனாலும் அழவில்லை, வந்தாலும் பார்க்கவில்லை, பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு சமர்த்துக் குழந்தை என்று தோன்றும். பிற்பாடு நடந்த ஆய்வுகளில் அவர்கள் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோதுதான், வெளியே அமைதியாக இருந்த அவர்களுக்கும் உள்ளே பதற்றம் இருந்தது தெரிந்தது.

அப்பா போனபின் அந்த வீட்டில் சமர்த்துப் பிள்ளையாக இருக்க வேண்டிய பொறுப்பு உங்கள் மேல் விழுந்திருக்கிறது. அழ நேரமில்லை, கேட்க ஆளில்லை. நீங்கள் அழாததைப் பார்த்துப் பார்த்து, இவளுக்கு எதுவும் தேவையில்லை என்று வீடே நம்பிவிட்டது. அம்மாவும் ஒருவேளை உங்களிடமிருந்துதான் அழாமல் இருக்கப் பழகியிருப்பார். வெளிநாட்டு ஆஃபரை விட்டது அன்றைக்கு அவர்களுக்குத் தெரியுமா? நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம். பத்திரமாப் போயிட்டு வா என்று சொல்லிவிட்டு உடனே பேரன் கதைக்குத் தாவிய பெண்மணிக்குக் கவலையே இல்லை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பேச்சை மாற்றுகிறவர்கள் பல நேரம் பயந்துபோனவர்கள்.

பர்ன் அவுட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் சூட்டப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை வரையறுத்தபோது மூன்று விஷயங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனதளவில் விலகிப்போவது அல்லது அதன்மேல் கசப்பு வருவது, வேலையைத் திறமையாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. மீட்டிங்கில் ஜூனியர் உட்கார்ந்ததற்கு ஒரு நாள் முழுக்கத் துடித்தவர் வேலையிலிருந்து மனம் விலகியவராக எனக்குத் தெரியவில்லை. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் கோபத்தில் நான் பார்ப்பது களைப்பைவிட ஏமாற்றத்தை. ஒரு நிறுவனம் ஆள் போனால் ஆளை வைக்கும். அந்த மேனேஜர் தன் வேலையைத்தான் செய்தார். நீங்கள் அங்கே எதிர்பார்த்தது வீட்டில் கிடைக்க வேண்டியது.

இப்போது பயணம். போக வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். பழக மனிதர் கூட்டம் இல்லாத தனிமை ஒன்று, நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு பந்தம் இல்லாத தனிமை இன்னொன்று. முதல் வகைக்குக் கமினோ நல்ல மருந்து. அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் முன்பின் தெரியாதவரோடு சாப்பிடுவார்கள், மனம்விட்டுப் பேசுவார்கள். உங்களுக்கும் அது கிடைக்கும், உங்களுக்கு அது பிடிக்கும். இரண்டாவது வகைக்கு அந்த 780 கிலோமீட்டர் எதுவும் செய்யாது. மாலையில் யாரிடம் இன்றைக்கு இவ்வளவு தூரம் நடந்தேன் என்று சொல்வது என்ற கேள்வி உங்களோடு நடந்து வரும். வீட்டோடு பேச வேண்டியதைப் பேசாமல் போனால், உலகம் சுற்றுகிற பெயரில் ஊர் ஊராக ஒரு போனுக்குக் காத்திருப்பீர்கள்.

திட்டத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டது. போர்ச்சுகல், பிரான்ஸ், ஸ்பெயின் மூன்றும் ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. குறுகிய காலப் பயணியாகப் போனால் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முடியாது. விசா தேவைப்படுகிறவர்கள் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும், காலம் முடிவதற்குள் கிளம்பிவிடுவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கையும் வர வேண்டும். வேலை, குடும்பம் என்று திரும்ப வரக் காரணம் உண்டா என்று பார்ப்பார்கள். தம்பி கேட்ட அதே இரண்டு விஷயம்தான். அவர் உங்கள் எக்செலைவிட முன்னால் யோசித்திருக்கிறார். அந்த டிராஃப்டை அனுப்புவதற்கு முன் அவரோடு ஒரு முறை உட்கார்ந்து இதையெல்லாம் பேசுங்கள். காப்பீட்டுப் படிவத்தில் உன் பெயரைப் போடலாமா என்று கேளுங்கள். கேட்காமல் போட்டுவிடாதீர்கள், கேட்பதுதான் முக்கியம். உங்கள் வாழ்நாளில் அவரிடம் எதையாவது கேட்டிருக்கிறீர்களா?

அம்மாவிடம் போனில் பேச வேண்டாம், நேரில் போங்கள். திட்டத்தை விளக்க வேண்டாம், ஊர்ப் பெயர் ஒன்றுகூட வேண்டாம். "நான் இவ்வளவு நாள் இல்லாம இருந்தா உனக்குக் கஷ்டமா இருக்காதாம்மா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள், உங்களுக்கு அது சிரமமாக இருக்கும். அவர் அழுதால் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். அழுதவரைத் தேற்றிவிட்டு, தேதி போட்ட திரும்பும் டிக்கெட்டோடு போய்வாருங்கள். பழையபடி பேச்சை மாற்றிவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு நாள் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கவே உங்களால் முடியவில்லை என்றால், மெயில் டிராஃப்ட்டிலேயே இருக்கட்டும், முதலில் ஓர் ஆலோசகரை நேரில் போய்ப் பாருங்கள்.