கேள்வி – பதில்: தோற்ற ஜேர்மனிக்குப் போட்ட தடைகள்

கேள்வி: எங்கள் வீட்டில் 1954ஆம் ஆண்டு ஜேர்மன் வால்வ் ரேடியோ ஒன்று கிடக்கிறது. அதில் 'யூ.கே.டபிள்யூ.' என்று ஒரு பொத்தான். எஃப்.எம். என்கிறார்கள். அந்தக் காலத்திலேயே அவர்களுக்கு எஃப்.எம். எதற்கு? இப்போது அதில் நம் நிலையங்கள் கேட்குமா?
– வாசகர், கல்முனை

பதில்: எஃப்.எம்.தான். மத்திய அலையில் இடம் கிடைக்காததால் அவசர அவசரமாகப் போய்ப் பிடித்த இடம் அது. 1948இல் ஐரோப்பிய நாடுகள் கோப்பன்ஹேகனில் கூடி மத்திய அலையையும் நீண்ட அலையையும் பங்கிட்டுக்கொண்டன. தோற்ற ஜேர்மனிக்கு அங்கே கதிரை போடவில்லை. விரல்விட்டு எண்ணும் அளவு அலைவரிசைகளே கிடைத்தன. அவற்றிலும் பலவற்றை வேறு நாட்டு நிலையங்களோடு பகிர வேண்டும். 1950 மார்ச் 15 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிப் போகும். இருட்டியதும் வானத்தில் மிக உயரே உள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பாயும். மட்டக்களப்புக் கரையில் இரவானால் தமிழ்நாட்டு நிலையங்கள் கேட்பது இதனால்தான். ஒரே அலைவரிசையில் இரண்டு நாடுகள் நின்றால் இரவு முழுக்க விசில் சத்தந்தான். 87 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே போனால் அலை பெரும்பாலும் கோபுரத்தின் பார்வைத் தூரத்தைத் தாண்டாது. அயல் நாட்டோடு தகராறு குறைவு. கோப்பன்ஹேகன் பங்கீடும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எனவே 1949 பெப்ரவரி 28இல் மியூனிக்கிலும் மறுநாள் ஹனோவரிலும் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. நாலைந்து வருடத்தில் அங்கே நல்ல ரேடியோ என்றால் அந்தப் பொத்தான் இருந்தாக வேண்டும் என்ற நிலை.

இனி உங்கள் பெட்டி. அந்தக் கால டயல் 87 முதல் 100 மெகாஹேர்ட்ஸ் வரைதான். 100க்குக் கீழே உள்ள நம் நிலையங்கள் கேட்கும். மேலே உள்ளவை அகப்படா. ஒசிலேற்றர் டிரிம்மரை (உள்ளே அலைவரிசையைச் சரிசெய்யும் சிறு திருகு) திருப்பிக் கொஞ்சம் மேலே தள்ளலாம், ஆனால் கீழ்முனை கைவிட்டுப் போகும், டயல் எண்களும் பொய்யாகும்.

தயவுசெய்து நேரே பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். முதலில் வால்வ்களின் எழுத்தைப் பாருங்கள். 'யூ.எல்.84' போல யூ-வில் தொடங்கினால் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபோமர் இருக்காது. சேசிஸ் (உள்ளே பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) நேரே மின்சாரத்தில் நிற்கும், தொட்டால் உயிராபத்து. அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். 'ஈ.எல்.84' என்றிருந்தால், பின்பக்க வோல்ட் தெரிவியை 220இல் வையுங்கள். 240 இருந்தால் அதுவே மேல். வெளியீட்டு வால்வின் (ஒலிபெருக்கியை ஓட்டும் ஈ.எல்.84) கிரிட்டுக்கு, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, போகும் இணைப்புக் கப்பாசிற்றரை மின்சாரம் கொடுக்கும் முன்பே மாற்றிவிடுங்கள்: அதே மதிப்பு (பெரும்பாலும் 10 அல்லது 22 நனோஃபராட்), 630 வோல்ட் பொலியெஸ்டர். பழைய கடதாசிக் கப்பாசிற்றர் கசியும். கசிந்தால் கிரிட்டுக்கு நேர் வோல்ட் ஏறி, வால்வ் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்து, கடைசியில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபோமர் எரியும். வால்வை ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பலியிட வேண்டாம். முதல் தடவை 60 வோட் பழைய இழைக் குமிழ் ஒன்றைத் தொடரில் போட்டு ஏற்றுங்கள். குமிழ் முழுப் பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷோர்ட். சூடானபின் ஈ.எல்.84இன் 2ஆம் பின்னை (அதுதான் கிரிட்) மீற்றரால் பாருங்கள்: நேர் வோல்ட் காட்டக் கூடாது. எல்லாம் சரியாகியும் எஃப்.எம். மட்டும் ஊமையென்றால் பொத்தான் தொடுகைகளைச் சுத்தம் செய்யுங்கள். நம் கடற்காற்று முதலில் கடிப்பது அவற்றைத்தான்.

கேள்வி: வேர்சைல்ஸ் உடன்படிக்கையில் 100,000 வீரர் என்ற வரம்பு விளங்குகிறது. ஒரு சிப்பாய் 12 வருடம் இருக்க வேண்டும் என்று எதற்குப் போட்டார்கள்?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: பழைய ஓட்டை ஒன்றை அடைக்க. 1808இல் நெப்போலியன், பிறகு ஜேர்மனியை ஒன்றாக்கிய பிரஷ்ய அரசின் படையை 42,000 பேருக்கு மட்டுப்படுத்தினான். பிரஷ்யர்கள் பயிற்சி முடித்தவர்களைக் கொஞ்சங் கொஞ்சமாக வீட்டுக்கு அனுப்பிப் புதியவர்களைச் சேர்த்தார்கள். கணக்கில் 42,000, வெளியே பயிற்சி பெற்றவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். எவ்வளவு பேர் என்பதில் சரித்திரகாரர் ஒத்துப்போவதில்லை, ஆனால் 1919இல் அந்த ஞாபகம் இருந்தது. ஆகவே சிப்பாய்க்கு 12 வருடம், அதிகாரிக்கு 25, தவணைக்கு முன்னே விலகுவோர் வருடத்தில் நூற்றுக்கு 5க்கு மேல் கூடாது.

விளைவு இரண்டு பக்கமும் வெட்டியது. ஜேர்மன் தரைப்படைத் தலைவர் ஜெனரல் சீக்ட், ஒவ்வொருவரையும் தன் பதவிக்கு ஒரு படி மேலே பயிற்றுவித்தார். 1935இல் கட்டாயச் சேவை திரும்ப வந்தபோது அவர்களே புதிய படைக்குத் தலைவர்களானார்கள். மாணவர்கள் எழுத மறப்பது மற்றப் பக்கம்: 1901 முதல் 1913 வரை பிறந்தோரில் பெரும்பாலானோர் பயிற்சியே பெறாதவர்கள். 'வெள்ளை ஆண்டுகள்' என்று ஜேர்மானியரே அந்தப் பிறப்பாண்டுகளுக்குப் பெயர் வைத்தார்கள்.

விமானம் பற்றியும் ஒரு வரி சேருங்கள். வேர்சைல்ஸ் போர் விமானத்தைத் தடுத்தது, சில ஆண்டுகள் எஞ்சின் விமானம் செய்வதும் தடைப்பட்டது. எஞ்சினில்லாத கிளைடர் தப்பியது. ஜேர்மனியின் வாஸர்குப்பே மலையில் 1920இல் போட்டி தொடங்கியது. 1922இல் ஹனோவர் மாணவர்களின் கிளைடர் மூன்று மணி நேரம் வானில் நின்றது. 1945இல் வென்றவர்கள் கிளைடரையும் தடைசெய்ததற்குக் காரணம் இதுதான். 1951 வரை அது விடுபடவில்லை.

கேள்வி: 1946இல் ஜேர்மனியின் உருக்கு உற்பத்திக்கும் வரம்பு போட்டார்களா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: ஆம், வருடத்துக்கு 58 இலட்சம் தொன். அடுத்த வருடமே ஜேர்மனியில் பிரித்தானியரும் அமெரிக்கரும் ஆண்ட வலயங்களுக்கு மட்டும் 107 இலட்சமாக உயர்த்தினார்கள். காரணம், தொழிற்சாலையை மூடிவிட்டு அங்குள்ளவர்களின் சாப்பாட்டுச் செலவை லண்டனும் வாஷிங்டனும் தாங்க வேண்டியிருந்தது.

கேள்வி: போர் விமானம் செய்த மெஸர்ஷ்மிட் கம்பனி பிறகு ஓட்டோ செய்ததாமே?
– வாசகர், அம்பாறை

பதில்: ஓட்டோ மாதிரி மூன்று சக்கரம், ஆனால் தலைகீழ்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. விமானம் செய்யத் தடை இருந்ததால் 1953இல் ஃபிரிட்ஸ் ஃபெண்ட் வடிவமைத்த இதைத் தயாரித்தார்கள். கண்ணாடிக் கூரை மிஞ்சிய விமானக் கூரை என்பது கட்டுக்கதை; இந்த வண்டிக்கென்றே செய்தது. 1955 மாதிரியில் 191 சி.சி. இரு வீச்சு எஞ்சின். பின்னோக்கிப் போக எஞ்சினை நிறுத்தி, சாவியை இன்னும் உள்ளே அழுத்தித் திருப்பினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுழலும். நாலு கியரும் பின்னோக்கியும் வேலை செய்யும்.