கண்ணை வருத்தாத 3டி வீடியோ

கேள்வி: இரண்டு கேமராக்களை அருகருகே பொருத்தி, தங்கையின் நிச்சயதார்த்தத்தை 3டி வீடியோவாக எடுத்து, சிவப்பு–நீலப்பச்சைக் கண்ணாடி அணிந்து பார்க்கும்படி தொகுத்தேன். கணினியில் நன்றாக இருந்தது. மண்டபத்தில் பெரிய திரையில் போட்டபோது பலர் தலைவலிக்கிறது என்றார்கள். கண்ணாடி கிடைக்காதவர்களுக்கு எல்லாமே இரட்டையாகத் தெரிந்தது. இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே: இடக்கண் படத்துக்கும் வலக்கண் படத்துக்கும் இடையிலான விலகல் திரையில் அளவு மீறிவிட்டது. நம் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 6.3 செ.மீ. தூரம் இருக்கிறது. திரைக்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றும் பொருளின் இரு படங்களும் அதைவிட விலகி விழுந்தால், கண்கள் இயல்பில் செய்யாதபடி வெளிப்புறமாகத் திரும்ப வேண்டியிருக்கும். 50 செ.மீ. அகலக் கணினித் திரையில் 1 செ.மீ. ஆக இருந்த விலகல், 4 மீட்டர் அகலத் திரையில் 8 செ.மீ. ஆகிவிடும். ஆகவே, காட்டப்போகும் திரையின் அளவைக் கொண்டே தொகுக்க வேண்டும்.

முதலில் மேல்கீழ் விலகலை முற்றிலும் நீக்குங்கள். ஒரு கண் மேலேயும் மற்றது கீழேயும் பார்ப்பது நமக்கு மிகக் கடினம் என்பதால், தலைவலிக்கு இதுவே பெரிய காரணமாக இருக்கக்கூடும். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காட்சியை நிறுத்தி, மணப்பெண்ணின் மூக்குத்தியைப் பாருங்கள். சிவப்பாக ஒன்றும் நீலப்பச்சையாக ஒன்றும் தெரிந்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை ஒரு படத்தைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். முகம் திரையின் தளத்திலேயே நின்றுவிடும். கண்ணாடி இல்லாதவர்களுக்கும் அது ஒற்றையாகவே தெரியும், பின்னணியின் ஓரங்களில் மட்டும் வண்ணக்கரை இருக்கும். மாறுகண் போன்ற காரணங்களால் ஆழத்தை உணர முடியாதவர்களும் அப்படியே பார்த்து மகிழலாம். அவர்களை மறந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முகத்துக்கும் பின்னணிக்கும் இடையே அப்போதும் விலகல் மிகுந்திருந்தால், அது படப்பிடிப்பிலேயே நேர்ந்த பிழை. மிக அருகில் இருப்பவரின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கே கேமராக்களின் இடைவெளி என்பது பழைய கைக்கணக்கு. 2 மீட்டருக்கு ஏறக்குறைய 6.7 செ.மீ. கண்ணாடி இல்லாமலும் பார்ப்பார்கள் என்றால், அதில் பாதியே போதும்.

அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை சிவப்பு வடிகட்டியுள்ள இடக்கண்ணுக்கு வெளிச்சமாகவும் மற்றதற்கு இருட்டாகவும் தெரிந்து, கண்ணைக் கூசச்செய்யும். இணைப்பதற்கு முன் இடக்கண் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால், சிவப்பு சற்று மங்கினாலும் கூச்சம் குறைந்துவிடும்.